காக்கிக்கு இரண்டு முறை

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மலை ஸ்டேஷனின் முன்னறை. மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன். அவருக்கு இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் வி.ஏ.ஓ. ஆனந்தன், மடியில் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் வைத்த துணிப்பை. ரோட்டுப் பக்க ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் புளி குத்தகைக்காரர் முனிசாமி, படவேட்டுக்காரர், ஒரு காலை மடக்கி மேலே வைத்திருந்தார். கதவோரம் கம்ப்யூட்டர் முன்னால் பெண் காவலர் பூவிழி. பின்பக்கம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் என் அண்ணன் சடையன். அவருடைய வலது கை விலங்கில் இருந்தது. விலங்கின் மறுமுனை பின் ஜன்னல் கம்பியில். நான் அன்பரசி. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது. அது எதற்காக வந்தது என்பதையும் சொல்கிறேன்.

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவருக்கும் எங்களுக்கும் பேச்சு. அம்மாவுக்கு ஒரு சைகை, சாமைக்கு ஒரு சைகை, மழைக்கு ஒன்று. எனக்கு, உள்ளங்கையில் விரலால் கிறுக்கிக் காட்டுவார். எழுதுகிறவள் என்று அர்த்தம். செங்கத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்ததிலிருந்து சந்தை நாட்களில் யூனியன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை.

அன்று காலை நடந்ததாக முனிசாமி புகாரில் சொன்னது இது. ஓடைப்புளி என்று நாங்கள் சொல்லும் பெரிய மரத்தை இந்த வருஷம் அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். காவலுக்குக் கோபால் என்பவரைக் கீழேயிருந்து கூட்டிவந்து வைத்திருந்தார். காலை ஆறரை மணிக்கு முனிசாமி பைக்கில் வரும்போது, மண்டை உடைந்த கோபாலைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் ரோட்டை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். கோபாலின் போனைக் காணவில்லை. முந்தின வாரம்தான், உதிர்ந்த புளியைப் பொறுக்கிய செல்லி அண்ணியின் கூடையைக் கோபால் எட்டி உதைக்க, அண்ணன் அவர் சட்டையைப் பிடித்திருந்தார். அதைப் பார்த்தவர்கள் நாலு பேர். இப்போது கோபால் வேலூரில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

"அடிச்சவரு எதுக்கு சார் தூக்கினு ஓடியாரணும்?" என்று கேட்டேன்.

"பயந்துட்டிருப்பான்," என்றார் முனிசாமி. "ஊமைங்களுக்குக் கோவம் ஜாஸ்திம்மா. எங்க ஊர்லயும் ஒன்னு கீது. கல்லத் தூக்கிப் போட்டுட்டு சிரிக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். மூலையில் சாத்தியிருந்த லத்தியை எடுத்து அண்ணனுக்கு முன்னால் நின்று, காற்றில் ஓங்கி ஒரு மண்டையை அடிப்பது போலக் காட்டினார். பிறகு அண்ணனின் நெஞ்சைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினார். நீதானே?

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு முறை ஆட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் காதருகே கையை வைத்துப் போனைக் காட்டி, பையில் போட்டுக்கொள்வது போலக் காட்டினார். எடுத்தாயா?

இரண்டு முறை.

"பாத்துக்குங்க வி.ஏ.ஓ. சார். ஒரு அடி அடிக்கல. நானா எதுவும் சொல்லல. அவனா ஒத்துக்கறான்."

அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அண்ணனுக்குப் பதினாலு வயது இருக்கும்போது, விறகுக்கட்டோடு வந்தவரைக் காக்கி போட்ட ஒருவர் நிறுத்தி ஏதோ கேட்டார். பதில் வரவில்லை. திமிர் என்று நினைத்து அறைந்துவிட்டார். கேட்காத காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். அப்பா சந்தையில் ஒரு பழைய காக்கிச் சட்டை வாங்கிவந்து, அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். நான் அண்ணனின் மோவாயைப் பிடித்து, குனியவைத்து, இரண்டு முறை ஆட்டிவிடுவேன். சரியாகச் செய்தால் ஒரு வெல்லக்கட்டி. ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. காக்கி எதைக் கேட்டாலும் குனி, இரண்டு முறை ஆட்டு, விட்டுவிடுவார்கள். நிஜமாகவே விட்டுவிட்டார்கள். பஸ் கண்டக்டருக்கும் காக்கிதானே, "செங்கமா?" என்றாலும் ஆட்டுவார், "போளூரா?" என்றாலும் ஆட்டுவார். ஒருமுறை ஸ்டாண்டில் சும்மா நின்றவரை ஏற்றி டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதைச் சொன்னேன். வெல்லக்கட்டி வரைக்கும் சொன்னேன்.

"அப்போ நான் லுங்கி கட்டிக்கினு வந்து கேக்கணுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். முனிசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"வி.ஏ.ஓ. சார் வெள்ளச் சட்டதானுங்க. அவரு கேக்கட்டும் சார். அந்தக் கைய மட்டும் அவுத்து வுட்டுட்டுக் கேட்டா போதும். கையக் கட்டிட்டா அவரால பேச முடியாதுங்க."

ஆனந்தன் துணிப்பைக்குள் எதையோ தேடினார். "நான் சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவன்மா. கேக்கறதெல்லாம் சாரோட வேல."

நான் அண்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். "ஏய், சைகை கியகை வேணாம்," என்று சப்-இன்ஸ்பெக்டர் அதட்டினார். "நீ சொல்லிக் குடுத்து அவன் மாத்திச் சொல்றதுக்கா?" பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது போலிருந்தது. அண்ணன் பக்கம் குனிந்து, உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "டேய். நீதான் இந்த ஜில்லாவுக்குக் கலெக்டரா?"

அண்ணன் குனிந்தபடியே இரண்டு முறை ஆட்டினார்.

கம்ப்யூட்டர் பக்கமிருந்து பூவிழிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். நானும் ஒரு நொடி நம்பினேன், இதோ புரிந்துவிட்டது என்று. ஆனால் சப்-இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது.

"நக்கல் பண்றான்," என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்டூல் வந்தது. கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது, ஸ்டேஷன் ரைட்டர் லீவு. "நீ மனு எழுதறவதானே. கையெழுத்து அச்சு மாதிரி கீதுன்னு ஆபீஸ்ல சொல்வாங்க. நான் சொல்லச் சொல்ல எழுது."

"சார், இத நான் எப்டி சார்..."

"எழுதாட்டிப் போ. அப்புறம் அடிச்ச கம்ப மறைச்சது யாரு, போன ஒளிச்சது யாருன்னு வூட்ல கீறவங்க எல்லாரையும் கூட்டியாந்து கேக்கணும். உங்கம்மா பேரு இன்னா, அம்மாக்கண்ணுவா? எத்தினி வயசு அவங்களுக்கு?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். ரேஷன் கார்டுக்குக் கேட்பது போல. எழுத ஆரம்பித்தேன்.

மேற்படி முகவரியில் குடியிருந்துவரும் நான், முன்விரோதம் காரணமாக, புளி உலுக்கும் தொரட்டிக் கம்பால் கோபாலின் தலையில் அடித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து ஓடையில் எறிந்துவிட்டேன். இப்படி ஒன்றரைப் பக்கம். நான் என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது.

நான் எழுதுவதை அண்ணன் குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. அவருடைய அடையாள அட்டை, உதவித்தொகை, வீட்டு மின்சாரம் எல்லாமே நான் ஒரு தாளில் குனிந்து எழுதிய பிறகு வந்தவை. தங்கை எழுதுகிறாள், இனிப் பயமில்லை. ஆனந்தன் மைப்பெட்டியை நீட்டியபோது, யாரும் பிடிப்பதற்கு முன்பே இடது கட்டைவிரலை அவரே வைத்தார்.

"கீழ நீயும் போடு. சைகைகளை மொழிபெயர்த்துக் கூறியவர், உடன்பிறந்த தங்கை, அன்பரசின்னு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மனு எழுதியவர் என்று கீழே கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. பயத்தில் போட்டேன்.

"சம்மதத்தோடதான போடற?"

தலையைக் குனிந்து ஆட்டினேன். எத்தனை முறை என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மணி ஒன்றேமுக்காலுக்கு சப்-இன்ஸ்பெக்டரும் முனிசாமியும் சாப்பிடப் போனார்கள். ஆனந்தன் ஸ்டாம்பு குத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே பனிமூட்டம் இறங்கி அறைக்குள் குளிர் ஏறியது. பூவிழி தன் பையிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துக்கொண்டார். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டுபோய் அண்ணன் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தார். டீயை வாங்கிக் குடித்தார். பூவிழியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

பூவிழி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, சப்-இன்ஸ்பெக்டர் செய்தது போலவே கையை ஓங்கி அடிப்பதாகக் காட்டி, அண்ணனின் நெஞ்சைச் சுட்டினார்.

அண்ணன் தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டினார். விலங்கு கம்பியில் மோதிச் சத்தம் போட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டாத இடது கையால் சொல்ல ஆரம்பித்தார். முழங்காலை மரமாக நிறுத்தி, இரண்டு விரல்கள் அதன்மேல் ஏறின. மேலே நின்று, கை காதுக்குப் போனது. வாய் கத்திப் பேசுவது போல அசைந்தது. சட்டென்று விரல்கள் வழுக்கின. உள்ளங்கை தரையில் பட்டென்று அறைந்தது. அப்புறம் தன் தோளைத் தட்டி, ஓடுவதாகக் காட்டினார். திரும்பவும் கையைக் காதில் வைத்து, மேலே, மேலே என்று சுட்டினார். மூன்று தரம் சுட்டினார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் பூவிழி. அவருக்கும் புரிந்திருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

"அந்த ஆளு போன் பேச மரத்து மேல ஏறினானாம். ஓடைப் பக்கம் அந்தப் புளி ரெண்டாவது கவட்டையிலதான் டவர் கெடைக்கும். நாங்க வெயில் வந்து பனி காஞ்சப்புறம்தான் ஏறுவோம். அவன் கீழ் நாட்டு ஆளு, தெர்ல. வழுக்கிட்டான். போன் இன்னும் மேலயே கீதுங்க்றாரு."

பூவிழி எழுந்தார். கை ஜிப்பின்மேல் இருந்தது. மெல்ல இறக்கினார். உள்ளே காக்கி தெரிந்ததும் அண்ணனின் தலை தாழ்ந்துவிட்டது. அதைப் பார்த்த பூவிழி இரண்டடி பின்னால் போனார்.

"மேடம், சார்கிட்ட நீங்க ஒரு வார்த்த..."

"எனக்கு ஒன்றரை வயசுல கொழந்த கீதும்மா. ஏற்கெனவே தூக்கித்தான் இந்த மலைக்குப் போட்டாங்க. நான் டீ குடுத்தேன். வேற எதையும் நான் பாக்கல. சரியா?"

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது எனக்கு வாய் வரை வந்தது, மரத்தில் போன் இருக்கிறது என்று. ஆனால் அவருக்குப் பின்னாலேயே முனிசாமி பல்குத்திக்கொண்டு வந்தார். மரம் முனிசாமியின் குத்தகை, அதிலிருந்து விழுந்தார் என்றால் காவலுக்கு வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பைக் வாசலிலேயே நின்றது. நான் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும், அவருக்குப் பத்து நிமிஷம். வாயை மூடிக்கொண்டேன்.

கீழே கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அண்ணன் என்னைப் பார்த்து, ஒரு கை விரலால் மறு உள்ளங்கையில் கிறுக்கிக் காட்டினார். என் பெயரைச் சொன்னாரா, எழுது என்றாரா என்று தெரியவில்லை. ஜீப் வளைவில் இறங்கும்வரை கிறுக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெயில் மரத்தில் படும் நேரத்துக்கு நானும் செல்லி அண்ணியும் ஓடைப்புளிக்குப் போனோம். இரண்டாவது கவட்டையில், பட்டை இடுக்கில், சிவப்பு உறை போட்ட ஒரு போன் செருகிக் கிடந்தது. கீழே பாசி படிந்த தண்டில் ஒரு கால் வழுக்கிய தடம் நீளமாக இழுபட்டிருந்தது.

"நான் ஏறி எடுத்தாந்துட்றேன்," என்று அண்ணி முந்தானையைச் செருகினார்.

"தொடாத அண்ணி. தொட்டா நாமதான் கொண்டாந்து வெச்சோம்பாங்க."

"வுட்டுட்டுப் போனா? நாளன்னிக்கு இந்த மரத்த உலுக்க ஆளுங்க வர்றாங்களாம். பொறுக்கறவளுங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டான் முனிசாமி. உலுக்கினா வுழுந்துடும். வுழுந்தா எவன் எடுப்பான், எவன் சொல்வான்?"

நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணி ஆடுகளை ஓட்டிவந்து மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றார்.

நான் வீட்டுக்கு வரும் வழியில், டவர் எட்டும் ரோட்டு மேட்டில் போன் அடித்தது. பூவிழி. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பதினஞ்சு நாள் ரிமாண்ட். மாஜிஸ்ட்ரேட் கேட்டாரும்மா, நல்லாதான் கேட்டாரு. போலீஸ் அடிச்சாங்களா, வக்கீல் வேணுமா, குத்தம் செஞ்சியா, எல்லாம் கேட்டாரு. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க நின்னாங்க. எல்லாத்துக்கும் ஆட்டிட்டாரு. அடிச்சாங்களான்னதுக்கும் ஆட்டினாரு. காயம் இல்ல, அதனால அத எழுதல. நீ போட்ட கையெழுத்தப் பாத்துட்டு, தங்கச்சியே சொல்லியிருக்குன்னு சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கோபாலுக்கு மூச்சு மிஷின்லதான் போவுதாம். எதுனா ஆச்சுன்னா கொலக் கேஸா மாத்திடுவாங்க," என்றார்.

"மேடம், நீங்க பாத்தத நான்..."

"என் பேர எழுதாத." வைத்துவிட்டார்.

அங்கேயே நின்று இலவச சட்ட உதவி மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். "எழுத்துல அனுப்புங்கம்மா. மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒன்னு, எங்களுக்கு நகல் ஒன்னு. போட்டோவும் வைங்க. இன்னிக்குத் தபால்ல சேத்துட்டா நாளைக்கி வந்துடும். நாளைக்கே ஒரு வக்கீல அனுப்பப் பாக்கறோம்." நாளை மறுநாள் மரம் உலுக்குகிறார்கள். நடுவில் ஒரே நாள்.

பத்தரை மணிக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய கடிதத்தில் பூவிழி இல்லை. முடித்துவிட்டு, மற்றவர்கள் மனுவைச் சரிபார்ப்பது போல, எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணால் படித்துப் பார்த்தேன். முதல் கேள்வியே அங்கே நின்றது: மரத்தின் மேல் போன் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் சைகையில் சொன்னார் என்றால், நேற்று வேறு மாதிரி மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டாயே? அவர் ஒளித்ததை உனக்குச் சொன்னார், அவ்வளவுதானே? அந்தக் கடிதம் அண்ணனை இன்னும் ஆழமாக இறக்கிவிடும். நானே என் கையால் இரண்டாவது முறை இறக்கியிருப்பேன்.

கிழித்துவிட்டு, யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். காக்கிச் சட்டையையும் வெல்லக்கட்டியையும் எழுதினேன். வாக்குமூலத்தில் இருப்பது என் கையெழுத்து, அதில் ஒரு வரிகூட என் அண்ணன் சொன்னது அல்ல, பயந்து பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன், அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள் என்று எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. என் அண்ணனை மறுபடி கேட்க வேண்டும், கேட்பவர் காக்கி போடாதவராக இருக்க வேண்டும், அவர் கைகளை அவிழ்த்திருக்க வேண்டும், சைகை மொழி முறையாகத் தெரிந்தவர் ஒருவரையும் கூடவே காது கேளாத ஒருவரையும் வரவழைக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய சைகைகள் எங்கள் வீட்டுச் சைகைகள், அவரைப் போன்றவர்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்வார், என்னை நம்ப வேண்டாம் என்று கேட்டேன். மரத்தை யாரும் தொடுவதற்கு முன் அதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன்.

கடைசியாக அந்த இடத்துக்கு வந்தேன். கதவோரம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், மதியம் இரண்டு மணி சுமாருக்கு, சீருடைக்கு மேல் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேட்டபோது, என் அண்ணன் இல்லை என்று தலையசைத்து, நடந்ததை ஒரு கையால் சொன்னார். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்படி எழுதினேன். பெயர் எழுதவில்லை. அந்த ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் ஒருவர்தான். அவருடைய அந்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் நகலும் போனில் எடுத்த படங்களின் அச்சும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தபால் ஆபீசில் தேவயானி அக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அன்பு, ஓடியார. ரெண்டரை பஸ்ஸுக்குப் பை கட்டணும். யாருக்கு இத்தினி கனத்துல?"

"கோர்ட்டுக்கு. இன்னொன்னு சட்ட உதவிக்கு. ஸ்பீட் போஸ்ட்டுக்கா."

அவர் விலாசத்தைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். வெளியே ஒரு பைக் வந்து நின்றது. என் கழுத்து தானாகத் திரும்பியது. பால்காரர்.

"நீ ஒட்டினா வழியிலயே பிரிஞ்சிடும். குடு, நான் ஒட்றேன்." பசையைத் தடவி, மடிப்பை மடக்கி, இரும்பு ரூலை வைத்து ஓரம் முழுக்க அழுத்தினார். இரண்டாவதையும் அப்படியே ஒட்டினார். "உள்ள போட வேண்டியது எல்லாம் போட்டியா? ஒட்டினா திரும்பத் தொறக்க மாட்டேன்."

"போட்டுட்டேன்."

முத்திரை இரண்டு உறையிலும் விழுந்தது. ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டையும் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கி, கயிற்றை இறுக்கி, அரக்கை உருக்கி ஊற்றினார். அது காய்வதற்குள் பஸ் ஹாரன் கேட்டது.

நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். படிக்கட்டில் நின்ற கண்டக்டர் குனிந்து வாங்கினார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை.

"நீயும் கீழ வர்றியாம்மா?"

என் தலை குனியப் பார்த்தது. நிமிர்த்திக்கொண்டு, "இல்லீங்க. பை மட்டும்தான்," என்றேன்.

அவர் பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு விசில் ஊதினார்.